குழாய் காயும்வரை

விட்டால் போச்சு. தவமணியின் மண்டைக்குள் இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் நிற்கவில்லை. வேறு எது வந்தாலும் இதில் மோதித்தான் திரும்பிப் போனது. மகனின் இரண்டு மணிக்கட்டையும் தன் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டு, லைன் வீட்டின் சிமெண்டுத் தரையில், சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். லோகித் அவன் மடியில். பிள்ளையின் முதுகு அப்பன் நெஞ்சில், பிள்ளையின் கால் அப்பனுடைய காலுக்கு அடியில். ஏழு வயசு. தூக்கினால் நாலு வயசுப் பிள்ளையின் கனம்கூட இருக்காது, ஆனால் அந்தக் கைக்கு ஒரு வேகம் வரும் பாருங்கள், வளர்ந்த ஆம்பளை அசந்தால் அவ்வளவுதான். கை வாய்க்குப் போகும். வாய்க்குப் போனால் பல் இறங்கும். பல் இறங்கினால் எலும்புதான் நிறுத்தும். இடது ஆட்காட்டி விரலில் நகம் இருந்த இடம் இப்போது வழவழவென்று மொட்டை, கீழுதட்டில் பாதி இல்லை. எவனும் செய்ததில்லை, அவனே அவனுக்குச் செய்துகொண்டது, அதுவும் அலறிக்கொண்டே, பிடிப்பா பிடிப்பா என்று கெஞ்சிக்கொண்டே. வலி தெரியாத பிள்ளை என்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவனுக்கு எல்லாம் வலிக்கும். மற்ற நாளில் குழாய் இருக்கும். பிளம்பர் கடையில் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, கை அளவுக்கு அறுத்து, நெடுக்கில் பிளந்து, பனியன் துணியை நாலு மடிப்பாகச் சுற்றி, பெண்டாட்டி நாகஜோதி தைத்துக் கொடுத்தது. முழங்கைக்கு மாட்டிவிட்டால் கை மடங்காது, வாய்க்கு எட்டாது, அதற்கப்புறம் லோகித் ராசா. சிரிப்பான், டிவியில் கிரிக்கெட் பார்த்து நடுவரைத் திட்டுவான், அம்மாவின் நைட்டியைக் கிண்டல் பண்ணுவான். காலையில் கண் முழித்ததும் முதல் பேச்சே, கட்டிவிடுப்பா. இன்றைக்குக் காலையில் அந்தக் குழாய் இரண்டின் மேலும் வாந்தி எடுத்துவிட்டான். இன்னொரு ஜோடியின் ஒட்டுப்பட்டை பிய்ந்து ஒரு வாரம் ஆகிறது, இன்றைக்குத் தைக்கிறேன் நாளைக்குத் தைக்கிறேன் என்று நாள் போய்விட்டது. வாந்தி பட்டதைத் தவமணி அலசிக் கொடியில் போட்டான், வெளியே மழை, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. ஈரத்தோடு மாட்டினால் புண்ணில் ஒட்டித் தோலோடு வரும். காயட்டும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மூக்கு அரித்தது. இந்த நேரம் பார்த்துத்தான் அரிக்கும். தலையைக் குனிந்து மகனின் தலைமுடியில் மூக்கைத் தேய்த்தான். தேங்காய் எண்ணெயும் வாந்தியும் கலந்த வாடை. என்னப்பா, என்றான் லோகித். ஒண்ணுமில்ல சாமி, மூக்கு அரிக்குது. எனக்கும் அரிக்குது. உனக்கு எங்கடா? பல்லு. முன்பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே ஒன்று, அரிசிப்பல் போய் இப்போது வருவது ஆயுசுக்கும் நிற்கிற பல். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பால்பல் விழுந்தால் கொண்டாட்டம், சாணிக்குள் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிட்டுப் பிள்ளை குதிக்கும். இந்த வீட்டில் பால்பல் விழவில்லை, டாக்டர் மயக்க ஊசி போட்டுப் பிடுங்கி, சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். ஜோதி அதையும் விடவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கினவள் வீட்டுக்குள்கூட வராமல், எங்கேயோ போய்ச் சாணி தேடி எடுத்து வந்து, ஒவ்வொன்றாக உருட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எறிந்தாள். டக், டக் என்று விழுந்தது. புதுப்பல் நல்லா முளைக்கணும் என்று வேண்டிக்கொண்டு எறிவதுதானே வழக்கம், இவள் என்ன வேண்டிக்கொண்டாளோ, அவன் கேட்கவில்லை. முளைத்துவிட்டது. நல்லாத்தான் முளைக்கிறது, ரம்பம் மாதிரி விளிம்போடு.

போன் டிவி ஸ்டாண்டு மேல் கிடந்தது. வாந்தியைத் துடைக்கிற அவசரத்தில் சார்ஜில் போட்டது போட்டபடி இருக்கிறது, ஒயர் தரைவரை தொங்குகிறது. கை நீட்டினால் எட்டாது, எழுந்தால் கையை விடணும், விட்டால் போச்சு. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாமென்றால் இந்த நேரத்தில் லைன் வீடு முழுக்கப் பூட்டு. திருப்பூரில் பகலில் வீட்டில் இருப்பது யார், எல்லாரும் கம்பெனியில். ஜோதி கூப்பிடுவாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள், கூட அவள் அம்மா. அதாவது தவமணியின் கூடப்பிறந்த அக்கா அங்கம்மா. அக்கா மகளைத்தான் அவன் கட்டியிருக்கிறான். ஜோதி வயிற்றில் ஒன்று இருக்கிறது. வேணுமென்று வைத்துக்கொண்டதில்லை, தங்கிவிட்டது. வயிற்றுக்குள் ஊசி விட்டுத் துளியூண்டு சதை எடுத்திருக்கிறார்கள், அதை அரைத்துக் கரைத்து என்னென்னவோ செய்து, லோகித்துக்கு இருப்பது அதற்கும் இருக்கிறதா என்று இன்றைக்குச் சொல்லுவார்கள். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், சட்டம். இருக்கு, இல்லை, இரண்டில் ஒன்று. இருக்கு என்றால் அங்கேயே, நாளைக்கே. அதற்குப் பேரென்ன, கலைக்கிறது, எடுக்கிறது, சுத்தம் பண்ணுகிறது, எதைச் சொன்னாலும் கத்திதான். இருக்கு என்றால் எடுத்துவிடலாம் என்று ஜோதியிடம் சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டுத் திரும்பினால், குழாய் மாட்டின கையோடு லோகித் சேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். காது நல்ல காது. மூளையும் நல்ல மூளை. கைதான் அவன் பேச்சைக் கேட்காது. எடுத்துரலாம் என்றால் எதை, எவனை, எந்த மாதிரி ஆளை எடுப்பது, அதைப் பிள்ளை புரிந்துகொண்டிருக்குமா, புரிந்திருக்காமல் இருக்குமா. அன்றைக்கு ராத்திரிச் சோறு ஊட்டும்போது அப்பனைப் பார்த்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே முகத்தில் காறித் துப்பினான், துப்பிவிட்டு ஸாரிப்பா என்றான்.

பிடியில் கை துள்ளியது. தவமணி இறுக்கினான். இறுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக இறுக்குகிறோமோ என்று ஒரு பயம், இந்தக் குச்சியெலும்பு பட்டென்று போனால் என்ன செய்வது, அதற்கடியில் இன்னொரு நினைப்பு, போகட்டுமே, ஒடிந்த கை வாய்க்குப் போகாதே. சீ. என்ன புத்தி இது. கைதானே எதிரி, ஒடித்தால், பிடுங்கினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்த அப்பனுக்குப் பிறந்தவன்தானே, அந்தப் புத்தி எங்கே போகும். ஆனால் கை இல்லை எதிரி. டாக்டர் சொன்னார், நல்ல மனுசன், தவமணி பனியன் வேஸ்ட் கோடவுனில் சூப்பர்வைசர் என்று தெரிந்துகொண்டு அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். உங்க கோடவுன்ல என்ன நடக்குது, கட்டிங் வேஸ்ட்டைப் பிரிச்சு மில்லுக்கு அனுப்புறீங்க, அது மறுபடி நூலாகுது, அப்படித்தான? உடம்புக்குள்ளயும் பழசைப் பிரிச்சு மறுபடி நூலாக்குற மில்லு ஒண்ணு இருக்கு. உங்க பையனுக்கு அந்த மில்லு ஓடல. பிரிச்சது பூராவும் எரியத்தான் செய்யும், அந்தச் சாம்பல்தான் யூரிக் ஆசிட். சாம்பல் என்றதும் தவமணிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பச்சைப்பிள்ளையில் துணியில் ஆரஞ்சுக் கலரில் மணல் மாதிரி ஒட்டியிருக்கும். சூட்டு உடம்பு என்று அக்கா சொன்னாள், இளநீர் கொடுத்தார்கள், உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். அது மணல் இல்லை, எரிந்த சாம்பல். சாம்பலைக் குறைக்க மாத்திரை இருக்குங்க, என்றார் டாக்டர், கிட்னியைக் காப்பாத்திரலாம். அப்ப கடிக்கிறது சார்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையை நில்லுன்னு சொல்ல மூளைக்குள்ள டோபமின்னு ஒண்ணு சுரக்கணும், இவனுக்கு அது கம்மி. மில்லு நின்னா அது ஏன் கம்மியாகுதுன்னு இன்னும் உலகத்துல யாருக்கும் முழுசாத் தெரியாது தவமணி. எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை மெஷின், தெரியாதாம். தெரியாது என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன முதல் டாக்டர் அவர்தான். கும்பிடத் தோன்றியது, அறையவும் தோன்றியது.

மொக்கராசுவுக்கும் கை நிற்கவில்லை. தவமணியின் அண்ணன், அக்காவுக்கும் இவனுக்கும் நடுவில் பிறந்தவன், நிலக்கோட்டைப் பக்கம் ஊரில், வேப்பமரத்தில் சங்கிலியோடு இருந்தவன். நினைக்கக் கூடாது என்றுதான் வைத்திருப்பது, ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்தால் அந்தக் கை வந்துவிடுகிறது. விரல் இல்லாத கை. அய்யா மாட்டு லாடம் அடிக்கிற கொறடு எடுத்து வந்து மொக்கராசுவைத் தரையில் போட்டு மார்மேல் உட்கார்ந்து முன்பல்லைப் பிடுங்கினார், மயக்க ஊசியா கவரா, இரண்டு சித்தப்பன்மார் காலைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே இருந்தாள், களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள். அப்படியும் கடைவாயில் கடித்தான். பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான், வேப்பங்குழை அடித்தான், பிறகு சாட்டையால் அடித்தான். அடி விழ விழ மொக்கராசு சிரித்தான், அவனுக்குப் பயந்தால் சிரிப்புத்தான் வரும், இப்போது லோகித்துக்கு வருகிற மாதிரி. வாயில் வராத கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. இடையில் குரல் மாறி, கட்டுங்கய்யா, என் கையைக் கட்டுங்கய்யா என்று அழுதான். கேட்டீங்களா, பேய் கட்டச் சொல்லுது, கட்டுனா அதுக்குச் சொகம், அவுத்து விடுங்க என்றான் அந்தக் கோடாங்கி நாய். அவிழ்த்து விட்டார்கள். அவன் மட்டும் இப்போது உயிரோடு இருந்தால் தவமணி தேடிப் போய்க் குரல்வளையைக் கடித்தே கொன்றுவிடுவான், செத்துத் தொலைந்துவிட்டான் மகாபாவி, பெரிய சாவு, கொட்டு மேளத்தோடு போனானாம். மொக்கராசு அப்புறம் ஒண்ணுக்குப் போகாமல் உடம்பெல்லாம் வீங்கிச் செத்தான். பேய் கொண்டுபோயிருச்சு என்று ஊர் சொன்னது. வீடும் அதையேதான் சொன்னது. செத்த பிறகு அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பேர் சொன்னால் திரும்பி வந்துவிடுமாம்.

அதனால்தான் முதல் தடவை ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தபோது, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி நோய் இருந்துச்சா என்று கேட்டதற்கு அக்கா கொஞ்சம்கூட யோசிக்காமல், அய்யோ எங்க வம்சத்துல ஒரு நோய்நொடி கிடையாதுங்க என்றாள். தவமணியும் தலையாட்டினான். பொய் சொன்னதாக இருவருக்குமே தோன்றவில்லை. நோயில் செத்தவனைத்தானே கேட்டார்கள், பேயில் செத்தவனை எவன் கேட்டான்? அடுத்து, கல்யாணம் சொந்தத்திலா என்று கேட்டார்கள். அக்கா மக என்று இவன் சொன்னான். அவ்வளவுதான், கேட்டவர்களுக்கு முகமே தெளிந்துவிட்டது, திருடன் கிடைத்துவிட்டான் என்கிற மாதிரி. கொஞ்ச நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இது பிரசவத்தில் மூச்சுத் திணறினதால் வந்தது, அடுத்த பிள்ளைக்கு வராது என்று ஒரு டாக்டர். ஒன்றும் இல்லையென்றாலும் சொந்தத்தில் கட்டினதுதான் காரணம் என்று இன்னொருவர். இரண்டு வருசம் அப்படியே போனது, அதற்குள் உதடு போனது, விரல் போனது. போன மாசம்தான் வேற டாக்டர், அந்த மில்லு டாக்டர், யூரிக் ஆசிட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பழைய ஃபைலை வாங்கிக் கம்ப்யூட்டர் பார்க்கிற பெனாசிர் என்கிற பெண்ணிடம் கொடுத்தார். திரும்ப ரத்தம்கூட எடுக்கவில்லை. பெனாசிர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஸ்கிரீனைக் காட்டியது. சாம்பல் கலர்ப் பட்டையாக அடுக்கடுக்காக வரிசை, கோடவுனில் பேல் மூட்டை அடுக்கின மாதிரி. ஒவ்வொரு பட்டையும் பையனோட ரத்தத்துல படிச்ச ஒரு துண்டுங்கண்ணா, என்றது. எல்லாப் பட்டையிலும் ஒரே இடத்தில், மேலிருந்து கீழ்வரைக்கும், ஒரு சிவப்புக் கோடு. இந்த ஒரு எழுத்து மாறிருக்கு. மாறினதால இந்த இடத்துலயே முற்றுப்புள்ளி விழுந்து பாதியில நின்னுருது. ஏம்மா, இம்புட்டுப் பளிச்சுனு தெரியுதே, முன்னாடி பார்த்தவங்களுக்கு ஏன் தெரியல? சல்லடைங்கண்ணா. லட்சக்கணக்குல எழுத்து மாறிருக்கும், ஒவ்வொண்ணையும் கண்ணால பார்க்க முடியாது, சல்லடை போட்டுத்தான் சலிப்போம். நீங்க அக்கா மகளைக் கட்டினேன்னு சொன்னீங்க, அப்பா கொடுத்த காப்பி, அம்மா கொடுத்த காப்பி, ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டிருக்கிறதை மட்டும் காட்டுன்னு சலிச்சிருக்காங்க. இது எக்ஸ் குரோமோசோம். பையனுக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான், அது அம்மா கொடுக்கிறது. அந்தச் சல்லடையில இது கீழ ஒழுகிப் போயிருக்கு. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டது, அம்மா வழியில, பாட்டி வழியில, ஆம்பளப் பிள்ளைங்க யாராவது சின்ன வயசுல? தவமணி வாயைத் திறந்தான். எத்தனையோ வருசம் கழித்து, மொக்கராசு, என்று பேர் சொன்னான்.

சொந்தத்தில் கட்டினதால் இல்லை. ஜோதியை எவன் கட்டியிருந்தாலும், அமெரிக்காக்காரன் கட்டியிருந்தாலும், இது இதுதான். எழுத்து மாறினது தவமணியின் அம்மாவிடம், அம்மாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து ஜோதிக்கு, பொம்பளைக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் ஒன்றும் தெரியாது, பத்திரமாகச் சுமந்து கொண்டுவந்து பையன்மேல் இறக்கிவிடும். தவமணியும் அதே வயிற்றிலிருந்து வந்தவன்தான். அண்ணனுக்குக் கெட்டது போனது, இவனுக்கு நல்லது வந்தது. பூவா தலையா. அவ்வளவுதானா? அவ்வளவுதானாம். அப்படியென்றால் அக்கா என்ன செய்தாள்? தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது வெளியில கொடுப்பேனா என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிவைத்தாள், அதுதான் காரணம் என்று இரண்டு வருசம் அவள்மேல் காய்ந்தான், மாரியம்மன் பொங்கலன்றைக்கு அவள் வாசலில் வைத்து, தெருவே பார்க்க, அக்காவின் மயிரைப் பிடித்து இழுத்து, உன் வயித்துல பொறந்தவளை என் தலையில கட்டி என் பிள்ளையக் கொன்னியேடி என்று சுவரில் மோதினான். அக்கா தடுக்கவில்லை. மோதின நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஆமாய்யா, என் புத்தியச் செருப்பால அடிக்கணும் என்றாள். இப்போது போய், அக்கா, கல்யாணத்தால இல்ல என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், பின்ன எதால? உன்னால. அம்மாட்டச் சொல்லிராதீங்க மாமா, அது தூக்குல தொங்கிரும் என்று ஜோதி காலைப் பிடித்திருக்கிறாள். பண்ணாத தப்புக்கு அவளைச் சுவரில் மோதினான், அந்தத் தப்பையே இப்போது அவளுக்குப் போர்வையாகப் போர்த்திவிட வேண்டியிருக்கிறது. காலையில் அக்கா ஜோதியைக் கூட்டிப்போக வந்தபோது அவள் நெற்றியில் அந்தத் தழும்பு. தம்பி சாப்ட்டியாய்யா என்று கேட்டாள். உம் என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. ஜோதி மட்டும் லேசா என்ன? பெனாசிரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, இந்தச் சுவரோரமாக உட்கார்ந்து, சத்தமே போடாமல், இரண்டு கையாலும் வயிற்றில் குத்திக்கொண்டாள். குத்து என்றால் குத்து. பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், இப்போது பிடித்திருக்கிற மாதிரியே, பின்னாலிருந்து, காலால் காலை அமுக்கி. சேரிலிருந்து லோகித் சொன்னான், விட்டுராதப்பா, அம்மாவ விட்டுராத.

போன் அடித்தது. லோகித்தின் உடம்பு வில்லாக விறைத்தது. சந்தோஷம் என்றாலும் பயம் என்றாலும் அவனுக்கு அதேதான். பின்தலை வந்து தவமணியின் தாடையில் மோதியதில் நாக்கு பல்லுக்கிடையில் சிக்கி வாயெல்லாம் ரத்தம். அம்மா அம்மா போன எடுப்பா எடு. எடுக்கேன் எடுக்கேன் இரு. பிட்டத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையோடு நகர்ந்தான், ஒரு முழம் போவதற்குள் லோகித்தின் முதுகு மறுபடி எகிறி இருவரும் பக்கவாட்டில் சாய்ந்தார்கள், இடது கை நழுவியது. விட்டால் போச்சு. அதே நொடியில் கை வாய்க்குள். அலறல். தவமணி தாடையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலைக் கொடுத்து அமுக்கி, திற, திறடா, திற நாயே என்று கத்தி, நாயே என்று கத்தினது காதில் விழாமலே, அந்த விரலைப் பிடுங்கி எடுத்தான். நடுவிரல். பல் தடம் இறங்கி ரத்தம் கோத்து நிற்கிறது. ஆனாலும் விரல் இருக்கிறது. போன் நின்றுவிட்டது. மழைச் சத்தமும் ஃபேன் சத்தமும் மட்டும். தரையில் கிடந்தபடியே மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், இரண்டு பேருக்கும் இளைத்தது. தலையணை ஒன்று எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். பார்த்தான். முகத்தில் வைத்து அமுக்கினால் எவ்வளவு நேரம் ஆகும், அதற்கும் இரண்டு கை வேணுமே, ஒரு கையை விடணுமே. சிரிப்பு வந்தது. கொல்லக்கூட முடியாதபடி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் அப்பன். இது முதல் தடவை வந்த நினைப்பில்லை, வரும், வந்து தலையணை மேல் உட்கார்ந்துவிட்டுப் போகும், ஜோதிக்கும் வருமா என்று கேட்டதில்லை, வராமலா இருக்கும். கேட்டால் இரண்டு பேரில் ஒருவர் ஆமாம் என்றுவிடுவோம் என்ற பயத்திலேயே குடும்பம் நடக்கிறது. சிரிக்கிறியாப்பா? ஆமடா. ஏன்? சும்மா. லோகித்தும் சிரித்தான். ஸாரிப்பா, என்றான். நான் நாயில்லப்பா. தெரியும்டா. தெரியும்டா தங்கம்.

மறுபடி அடித்தது. ஜோதி விடமாட்டாள். நல்ல சேதி என்றால் இவ்வளவு தடவை அடிப்பாளா? கெட்ட சேதி என்றால் அடிப்பாளா? கெட்ட சேதியென்றால் அவள் பேசவே மாட்டாள், அக்காதான் கூப்பிடுவாள், அக்காவுக்குப் போனில் பேரைத் தேடத் தெரியாதே. தவமணி காலை நீட்டினான். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் சார்ஜர் ஒயர் அகப்பட்டது. இழுத்தான். போன் ஸ்டாண்டின் விளிம்புவரை வந்து, யோசித்து, தரையில் விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டது, அடிப்பது நின்றது. காலால் ஒதுக்கி ஒதுக்கி இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டான். இப்போது ஒரு விரல் வேணும். ஒரே ஒரு விரல். மூன்றாவது தடவை அது அடித்தபோது லோகித்தின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் தானாகத் திறந்தது, புதுப்பல் மூன்றும் தெரிந்தன, கண் மட்டும் அப்பனைப் பார்த்து வேணாம் வேணாம் என்றது. வாய்க்கு ஒன்று வேணும். அவ்வளவுதானே. தவமணி தன் இடது முன்கையை, சதையான பக்கமாகப் பார்த்து, மகனின் வாயில் கொடுத்தான். பல் இறங்கியது. லோகித்தின் இரண்டு கையும் அப்பனின் தொடையிடுக்கில். வாய் நிரம்பியிருந்தால் அந்தக் கைக்கு என்ன வேலை, அது பாட்டுக்குக் கிடந்தது. வலது கையால் போனைத் தேய்த்தான். மாமா, என்றாள் ஜோதி. ஏன் மாமா எடுக்கல, உசுரு போயிருச்சு. சொல்லு, என்றான். பல் தோலைத் தாண்டுவது தெரிந்தது. மாமா, இல்லயாம் மாமா. அந்த எழுத்து நல்லாருக்காம். பெனாசிர் மேடமே வந்து சொன்னாங்க, ரெண்டு தடவ பார்த்தாங்களாம். பாப்பாவுக்கு இல்லயாம். பின்னால் அக்கா அழுகிற சத்தம், மாரியாத்தா மாரியாத்தா என்கிறாள். தவமணிக்குக் கண்ணை இருட்டியது, வலியாலா இதாலா என்று பிரிக்க முடியவில்லை. மாமா? பேசுங்க மாமா. லோகி அழுகுறானா? இல்ல, என்றான். நல்லாருக்கான். குழாய் காஞ்சிருச்சா? காயுது, நீ வா. ஜோதி, போன அக்காட்டக் குடு. அக்கா வந்தாள், சொல்லுய்யா என்றாள். என்ன சொல்லலாம் என்று தெரியாமல், சாப்ட்டியாக்கா என்று கேட்டான்.

பல் தானாக இளகியது. லோகித் வாயை எடுத்தான். உதட்டில், தாடையில், அப்பனுடைய ரத்தம். ஸாரிப்பா ஸாரிப்பா ஸாரிப்பா. இருக்கட்டும் சாமி, வலிக்கல. வலிக்கும், என்றான் லோகித், எனக்குத் தெரியாதா. முன்கையில் மூன்று பல்லும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. தவமணி அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி மணிக்கட்டுகளைப் பிடித்தான், நிமிர்ந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். மழை விடுகிற மாதிரி இல்லை. பாப்பாவுக்கு இல்லயாப்பா? இல்லடா. கடிக்காதா? கடிக்காது. லோகித் சிரித்தான், பயத்தில் வருகிற சிரிப்பில்லை, நிஜச் சிரிப்பு, உடம்பு குலுங்கியது, தவமணியும் குலுங்கினான், அழுகிறோம் என்பது பிள்ளையின் தலை ஈரமான பிறகுதான் தெரிந்தது. லோகித் கொடியில் தொங்குகிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பா கை எம்புட்டு இருக்கும்ப்பா? சின்னதா இருக்கும், உன் விரலப் பிடிச்சுக்கிரும். கட்டைவிரலையா? எதையாவது. பிள்ளையின் கை பிடிக்குள் ஒருமுறை துள்ளி அடங்கியது. அப்ப பாப்பா கையக் கடிச்சிருவேன்ப்பா, என்றான். எனக்குப் புடிச்சிருந்தா கடிச்சிருவேன். என்னக் கட்டிட்டு அப்பறமா காட்டுங்க, என்றான் லோகித். நல்லா இறுக்கிக் கட்டிட்டு. மறந்துராத, என்ன? சரிடா, என்றான் தவமணி. கொடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.